எரர் காட்டிய இடம் ஒன்று, கோளாறு இருந்த இடம் வேறு

"புது கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏறாது, ஒரு வருஷம் போகட்டும்" என்ற பேச்சை நான் நிறைய பேரிடம் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் லினக்ஸ் என்ற இந்த இலவச இயங்குதளத்தின் எதிரிகள் இல்லை. பாதிப் பேர் அதை விரும்பிப் பயன்படுத்துபவர்கள்தான். சுத்தப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போய்விடலாம். இது பாதி உண்மை. பாதி உண்மையோடு வாதாடுவதுதான் கஷ்டம். நாம் எதிர்ப்பேச்சு பேசும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் அந்த உண்மையான பாதியை எடுத்து முன்னால் வைப்பார், நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். சமீபத்தில் என் சித்தி மகன் தானே பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினான். அதில் லினக்ஸ் நிறுவ முடியாமல் அவன் பட்ட பாடும், அதற்குக் கடைசியில் கிடைத்த காரணமும் இந்தப் பேச்சைப் பற்றி என்னை மறுபடி யோசிக்க வைத்தன. அதை எழுதாமல் விட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது.

முதலில் அந்த உண்மையான பாதிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன்.

அதில் இருக்கும் நியாயம்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. ஆனால் நாம் யூஎஸ்பியில் எழுதிக்கொள்ளும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு, ஏதோ ஒரு நாளில் இருந்ததை அப்படியே பிடித்து வைத்தது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் (டிஸ்ட்ரோ) 12-ஆம் பதிப்பு வெளிவந்தது 2023 ஜூனில். அதனுள் இருந்த 6.1 கர்னல் 2022 டிசம்பரில் வந்தது. அந்த வரிசையில் திருத்தங்கள் வருமே தவிர, அதற்குப் பிறகு கடைக்கு வந்த கிராபிக்ஸ் கார்டை அது தானாகக் கற்றுக்கொள்ளாது. இத்தோடு ஃபர்ம்வேர் சங்கதி வேறு. கிராபிக்ஸ் கார்டுக்கும் வைஃபை சிப்புக்கும் டிரைவர் மட்டும் போதாது. அந்தச் சிப்புக்குள்ளேயே ஏற்ற வேண்டிய ஒரு கோப்பும் வேண்டும், அது பெரும்பாலும் மூலநிரல் திறக்கப்படாதது. டெபியன்காரர்கள் அதை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்ப்பதா வேண்டாமா என்று பல வருடம் விவாதித்து, 2022-ல் வாக்கெடுப்பு நடத்தித்தான் சேர்க்க முடிவெடுத்தார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் நிறுவிக்கொண்டிருக்கும்போதே "இன்ன கோப்பு இல்லை" என்று நின்றுவிட, இன்னொரு யூஎஸ்பியில் அதைத் தேடி எடுத்துவந்து சொருகியவர்கள் ஏராளம்.

கறுப்புத் திரையும் அப்படித்தான். எதை ஓட்டுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும், என்டர் தட்டியதும் திரை இருண்டுவிடும், மெஷின் செத்துவிட்டதாக நினைத்துப் பவர் பட்டனை அழுத்துவார்கள். பெரும்பாலும் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் திரையைக் கைப்பற்றும்போது தடுமாறியிருக்கும். கிரப் மெனுவில் 'இ' விசையைத் தட்டி, கர்னல் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்தால், அந்த டிரைவர் ஒதுங்கிக்கொள்ள, போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் அமைத்துக் கொடுத்த எளிய திரையிலேயே வேலை நடக்கும். அதே வரியில் இருக்கும் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்துவிட்டால் இன்னும் நல்லது. அழகான லோகோவுக்குப் பதிலாக, என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வரியாகத் திரையில் ஓடும். புது மெஷினில் நான் முதலில் செய்வது இதைத்தான். லோகோவைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

இன்னும் இருக்கின்றன. பூட் மெனுவில் ஒரே யூஎஸ்பி இரண்டு பெயரில் தெரியும், யூஇஎஃப்ஐ (பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த பூட் முறை) என்ற முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பழைய பயாஸ் முறையில் எல்லாம் நன்றாக ஏறிவிட்டு, மறுபடி ஆன் செய்யும்போது பூட் ஆக எதுவுமே இல்லை என்று போர்டு கைவிரிக்கும். சில போர்டுகள் எஸ்எஸ்டியை விஎம்டி என்ற திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும், நிறுவிக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் அதை அணைத்தால் தெரியும். ஆனால் அதே மெஷினில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால் அது பூட் ஆகாமல் போகலாம், கவனம்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தோற்கும். காலையில் செய்தாலும் ராத்திரி செய்தாலும் அதே வரியில் வந்து நிற்கும். டிரைவர் இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான். சித்தி மகனின் மெஷின் அப்படி நடந்துகொள்ளவில்லை. அது எங்கள் கண்ணில் படத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லாமே புதிது

அவன் என்னைக் கூப்பிட்டபோது ஏற்கெனவே நிறையச் செய்து முடித்திருந்தான். நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் லைவ் யூஎஸ்பியில் பூட் ஆகிறது, டெஸ்க்டாப் வருகிறது, மவுஸ் நகர்கிறது. நிறுவத் தொடங்கினால் கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் எங்காவது நின்றுவிடுகிறது. ஒரு தடவை நிறுவி தானே மூடிக்கொண்டது. ஒரு தடவை இன்புட்/அவுட்புட் எரர் என்றது. இன்னொரு தடவை மொத்தத் திரையும் அப்படியே உறைந்தது. யூஎஸ்பியை மாற்றினான். வேறு எஸ்எஸ்டி போட்டான். வேறு டிஸ்ட்ரோ முயன்றான், அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அதனால் அதுதான் இருப்பதில் நல்ல டிஸ்ட்ரோ என்ற முடிவுக்கும் வந்திருந்தான்.

"அண்ணா, விண்டோஸ் ஒரே மூச்சுல ஏறிடுச்சு. லினக்ஸ்தான் இந்த போர்டுக்கு ஆகல போல. விட்டுடவா?"

"விண்டோஸ் எப்ப போட்ட?"

"கட்டின அன்னிக்கே. அது பாட்டுக்கு ஓடுது. எப்பவாவது கேம் மட்டும் மூடிக்கும், அது அந்த கேமோட பிரச்சினை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் போகிற போக்கில் சொன்னான். எனக்கு அது நெருடியது, ஆனால் ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பழைய மெஷினில் ஒரு கோளாறு வந்தால் அதைத் தேடுவது ஒரு விதத்தில் சுலபம். நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை, இடையில் எதை மாற்றினோம் என்று பார்த்தால் போதும். புதிதாகக் கட்டிய மெஷினில் அந்த 'நேற்று' இல்லை. போர்டு புதிது, ரேம் புதிது, பவர் சப்ளை புதிது, எஸ்எஸ்டி புதிது, கேபிள் புதிது. இது மட்டும் நிச்சயமாக நன்றாக இருக்கிறது என்று கைகாட்ட ஒரு பாகமும் கிடையாது. அதே நேரத்தில், புதிது என்பதாலேயே எதன் மேலும் சந்தேகமும் வராது. காசு கொடுத்து, பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையை உரித்துப் பொருத்தியது கெட்டுப்போனதாக இருக்கும் என்று மனம் ஏற்காது. காசு கொடுக்காமல் வந்தது ஒன்றே ஒன்று, அந்த ஐஎஸ்ஓ. பழி போக வேண்டிய இடம் தானாகவே முடிவாகிவிடுகிறது.

நிறுவி காட்டும் செய்தியும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. பரவலாகப் புழங்கிய ஒரு நிறுவியில் இன்புட்/அவுட்புட் எரர் வந்தால் பல வருடங்கள் ஒரே நீளமான செய்திதான் வந்துகொண்டிருந்தது. சிடியைத் துடைத்துப் பாருங்கள், குறைந்த வேகத்தில் எழுதிப் பாருங்கள், டிரைவின் லென்ஸைச் சுத்தம் செய்யுங்கள், ஹார்டு டிஸ்க் பழசாகிவிட்டதா பாருங்கள், மெஷினைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அக்கறையான ஆலோசனைதான். ஆனால் அந்தப் பட்டியல் முழுவதிலும் ரேம் என்ற பேச்சே இல்லை. படிப்பவர் டிஸ்க்கையும் யூஎஸ்பியையும் மாற்றி மாற்றிச் செருகுவார், என் தம்பி செய்தது போல.

இரண்டு விடை

நேரில் போனபோது என் பழைய லேப்டாப்பையும் எடுத்துப் போயிருந்தேன். முதல் வேலையாக அவனுடைய யூஎஸ்பியை அதில் சொருகி, லைவ் சூழலைத் திறந்து, நிறுவி கோப்புகளை எடுக்கும் அந்தப் பெரிய, சுருக்கி வைத்த ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பின் மேல், கோப்புக்குக் கைரேகை போன்ற ஒரு விடையைக் கணக்கிடும் ஷா256சம் கட்டளையை ஓட்டினேன். பல கிகாபைட் கோப்பு. யூஎஸ்பியின் சின்ன நீல விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. கடைசியில் அறுபத்து நான்கு எழுத்து நீளத்துக்கு ஒரு விடை வந்தது. மறுபடி ஓட்டினேன், அதே விடை. அதை ஒரு தாளில் முழுக்க எழுதாமல், முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் மட்டும் குறித்துக்கொண்டேன். அது போதும். ஒரு பிட் மாறினாலும் மொத்த விடையும் மாறிவிடும் என்பதுதான் ஷா256-இன் குணம்.

அப்புறம் அதே யூஎஸ்பியைப் புது மெஷினில் சொருகி, அதே கோப்பின் மேல் அதே கட்டளை. விளக்கு மின்னியது, விடை வந்தது, தாளில் இருந்ததோடு பொருந்தியது. தம்பி என்னைப் பார்த்தான், "நான்தான் சொன்னேனே, யூஎஸ்பில ஒண்ணும் இல்ல" என்கிற பார்வை. சரி, இன்னொரு தடவை என்று மேல் அம்புக்குறியைத் தட்டி என்டர் அடித்தேன். இந்தத் தடவை நீல விளக்கு மின்னவே இல்லை. விடை மட்டும் முன்பைவிடப் பல மடங்கு வேகத்தில் வந்து விழுந்தது. முதல் ஆறு எழுத்து வேறு. மறுபடி அம்புக்குறி, மறுபடி என்டர். இது முந்தைய இரண்டோடும் சேராத மூன்றாவது விடை.

அந்த விளக்கு மின்னாததுதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒரு கோப்பை ஒரு முறை படித்தால் லினக்ஸ் அதை ரேமில் வைத்துக்கொள்ளும். ரேமில் காலி இடம் இருக்கும்வரை எல்லாம் அங்கேயே இருக்கும், அடுத்த முறை கேட்டால் டிஸ்க்குக்கோ யூஎஸ்பிக்கோ போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். அவன் மெஷினில் ரேம் 64 கிகாபைட். முழுக் கோப்பும் வசதியாக உள்ளே உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் இரண்டாவது தடவை யூஎஸ்பிக்கு இதில் பங்கே இல்லை. எஸ்எஸ்டிக்கும் இல்லை, அதை நாங்கள் தொடக்கூட இல்லை. டிஸ்ட்ரோவும் இல்லை, அதே டிஸ்ட்ரோ என் லேப்டாப்பில் சரியாகக் கூட்டியது. மிச்சம் இருப்பது ரேமும், அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவே இருக்கும் பாதையும்தான். ஒரே எண்ணைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணைச் சொல்லும் மெஷின் அது. அதில் எந்த மென்பொருளும் நிற்காது.

"டேய், ரேம்ல ஏதாவது மாத்தினியா?" என்று கேட்டேன்.

"மாத்தல அண்ணா. கூட ஒரு செட் போட்டேன். அதே மாடல்தான், அதே பெட்டி."

"எப்ப?"

"விண்டோஸ் போட்டு ஒரு வாரம் கழிச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுதான் சொல்லல."

இல்லை என்று நினைத்த அந்த 'நேற்று' இருக்கத்தான் செய்தது. இரண்டு குச்சி ரேமோடு விண்டோஸ் ஏறியது. பிறகு நான்கு குச்சியானது. அந்த நாலாவது குச்சி போட்ட பிறகு முதன்முதலில் ஆன் செய்தபோது ரொம்ப நேரம் திரை வராமல் இருந்து, இவன் பயந்து போனதாக அப்புறம்தான் சொன்னான். டிடிஆர்5 என்ற இந்தத் தலைமுறை ரேமில் அது சகஜம். போர்டு ஒவ்வொரு குச்சிக்கும் எந்த நேர இடைவெளியில் எந்த மின்னழுத்தத்தில் பேசுவது என்று தடவித் தடவிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். நான்கு குச்சி என்றால் அதிக நேரம். அன்றைக்கு அது கற்றுக்கொண்டது அரைகுறை.

பெட்டி மேல் ஒரு எண், ப்ராசஸருக்கு ஒரு எண்

ரேம் பெட்டியில் கொட்டை எழுத்தில் 6000 என்று போட்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்றோ எக்ஸ்போ என்றோ போர்டுக்குப் போர்டு பெயர் மாறும் ஒரு அமைப்பை ஆன் செய்தால் அந்த வேகம் கிடைக்கும். இதை ஆன் செய்யாதவர்களை எல்லோரும் கிண்டல் செய்வதால் இவனும் முதல் நாளே ஆன் செய்துவிட்டான். அது தப்பில்லை. ஆனால் அது ஜெடெக் என்ற பொதுத் தரம் ரேமுக்குச் சொல்லும் வேகத்துக்கு மேலே ஓட்டும் ஓவர்கிளாக்தான். இவன் வாங்கிய ப்ராசஸரின் அதிகாரபூர்வ விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு குச்சி போட்டால் 5200. நான்கு குச்சி போட்டால் 3600. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் யாரையும் கேட்க முடியாது. நான்கு குச்சி என்றால் ஒரே தடத்தில் இரண்டு குச்சிகள் தொங்கும், சிக்னல் மங்கும், அதனால்தான் அந்த இறக்கம். இதோடு, ரேம் செட்களை ஒன்றாக வாங்கினால்தான் ஒன்றாகச் சோதித்திருப்பார்கள். அதே மாடலை இரண்டு தடவை தனித்தனியாக வாங்கினால், உள்ளே இருக்கும் சிப்கள் ஒரே வகைதான் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினோம். 2022-ல் வந்த அதன் 6-ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ மெஷினில் நேரடியாக ஓடுகிறது, அதற்கு முன்னால் பழைய பயாஸ் முறைக்குப் போக வேண்டியிருந்தது. 64 கிகாபைட்டை முழுக்கப் பார்க்கப் பல மணி நேரம் ஆகும் என்று காத்திருக்கத் தயாராக உட்கார்ந்தோம். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை, சிவப்பு வரிகள் சீக்கிரமே வந்து நின்றன. இதில் ஒரு எரர் வந்தாலே தோல்விதான், 'ஒன்றிரண்டு பரவாயில்லை' என்ற பேச்சுக்கு இடமில்லை. பயாஸுக்குப் போய் எக்ஸ்போவை அணைத்து, நான்கு குச்சியும் 3600-ல் ஓட வைத்து மறுபடி பார்த்தோம். சுத்தம். அதே யூஎஸ்பி, அதே எஸ்எஸ்டி, முதலில் முயன்ற அதே டிஸ்ட்ரோ. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுவி முடித்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்டது.

டிடிஆர்5-லேயே பிழைதிருத்தம் இருக்கிறதே, அப்புறம் எப்படி என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இருக்கிறது, ஆனால் அது சிப்புக்குள்ளே மட்டும். உள்ளே சேமித்த பிட் புரண்டால் சிப்பே சரிசெய்துகொள்ளும். சிப்பிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் மாறினால் அதைப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. அதற்கு முழு இசிசி ரேம் வேண்டும். அது சர்வர்களில் இருக்கும், வீட்டு மெஷின்களில் அபூர்வம்.

விண்டோஸ் ஏன் வாயைத் திறக்கவில்லை

இதில்தான் என் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. நான்கு குச்சி போட்ட பிறகும் அவனுடைய விண்டோஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே கெட்ட ரேமில். அது பெரிய மர்மம் இல்லை. ஒரு படத்தில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் கொஞ்சம் மாறும், யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டில் புரண்டால் காதுக்கே எட்டாது. அன்றாட வேலையில் ரேமில் கிடப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான், ஒரு பிட் தவறினாலும் யார் தலையும் போகாது. நிறுவி செய்யும் வேலை வேறு மாதிரி. சுருக்கி வைத்த கோப்பைப் படிக்கிறது, விரிக்கிறது, எழுதுகிறது. சுருக்கிய தரவில் ஒரு பிட் தவறுவது, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியில் ஓர் எண் தவறுவது போல. அதற்குக் கீழே போட்ட மீதி எல்லாம் தப்பாகும். ஸ்குவாஷ்எஃப்எஸ் தரவைக் கட்டம் கட்டமாகச் சுருக்கி வைக்கிறது. சாதாரணமாக ஒரு கட்டம் 128 கிலோபைட், அதிகபட்சம் 1 மெகாபைட். உள்ளே ஒரு பிட் புரண்டால் போதும், அந்தக் கட்டத்தை ஒழுங்காக விரிக்க முடியாது. விரிக்க முடியாவிட்டால் "படிக்க முடியவில்லை" என்ற செய்தி. அதைக் கேட்டவர் யூஎஸ்பி மேல் சந்தேகப்படுவார். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதேதான்.

விண்டோஸ் நிறுவியும் சுருக்கிய தரவைத்தான் விரிக்கிறது. நான்கு குச்சியோடு அதை நிறுவியிருந்தால் அதுவும் திணறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இவன் இரண்டு குச்சியில் நிறுவினான், அதனால் தப்பித்தது. அப்புறம் அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது, கேம் மூடிக்கொள்வதன் வழியாக. இவன் அதைக் கேமின் கணக்கில் எழுதினான். லினக்ஸ் நிறுவியின் செய்தியை லினக்ஸின் கணக்கில் எழுதினான். ஒரே கோளாறுக்கு இரண்டு தனித்தனிக் குற்றவாளிகள், இரண்டு பேரும் நிரபராதிகள்.

இது இன்று நேற்று நடப்பது இல்லை. 1990-களில் கர்னலை மூலநிரலிலிருந்து தாங்களே கம்பைல் செய்தவர்களுக்கு ஜிசிசி கம்பைலர் "சிக்னல் 11" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போவது தினசரிச் செய்தி. கம்பைலரில் பக் என்று புகார் செய்வார்கள். மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் வேறு கோப்பில் போய்ச் சாகும். பக் என்றால் ஒரே கோப்பில்தானே சாக வேண்டும்? இடம் மாறினால் ரேமைப் பார், அல்லது ஓவர்கிளாக்கைக் குறை என்பது அப்போதே பழக்கத்தில் இருந்த அறிவு. அந்தக் காலத்தில் லினக்ஸ்காரர்கள் வாரம் ஒரு தடவை கர்னல் கம்பைல் செய்ததால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது கம்பைல் செய்பவர்கள் குறைவு. பலருடைய புது மெஷினில் முதல் பளுவான வேலையே நிறுவிதான், அதனால் அடியும் அதற்கே விழுகிறது.

லினக்ஸ் கர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது நடந்தது. 2022 அக்டோபரில், 6.1 கர்னலுக்கான மாற்றங்களை அவர் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய மெஷினில் கம்பைல் வேலைகள் காரணமில்லாமல் தோற்க ஆரம்பித்தன. முதலில் பழைய கர்னலில் பூட் செய்து பார்த்தார், அதாவது புதிதாகச் சேர்த்த மாற்றங்கள் காரணமா என்று. அப்புறம் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓட்டினார். இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய ஒரு ரேம் குச்சி கெட்டுப்போயிருந்தது. முந்தைய வருடம்தான் வீட்டு மெஷின்களுக்கும் இசிசி ரேம் வேண்டும் என்று காட்டமாக எழுதியவர் அவர். கெட்டுப்போன ரேம் இசிசி இல்லாதது, மெஷினைக் கட்டிய சமயத்தில் நியாயமான விலைக்கு இசிசி கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். மாற்று ரேம் வரும்வரை லேப்டாப்பில் வேலையை ஓட்டினார். கர்னலை எழுதியவரே முதலில் கர்னலை விசாரித்துவிட்டுத்தான் ரேமுக்குப் போகிறார் என்றால், என் தம்பி லினக்ஸைச் சந்தேகப்பட்டதில் பெரிய பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் ஆட்சேபம் ஒன்றுதான். டோர்வால்ட்ஸ் செய்தது விசாரணை, அது முடிந்ததும் அடுத்த ஆளிடம் போனார். "லினக்ஸ் ஒத்து வராது" என்பது விசாரிக்காமலே எழுதிய தீர்ப்பு.

இப்போதெல்லாம் யாராவது நிறுவல் தோற்றுவிட்டது என்று வந்தால் என்ன எரர் என்று நான் முதலில் கேட்பதில்லை. இன்னொரு தடவை செய்து பார், நின்ற இடம் அதேதானா என்று கேட்கிறேன். அதே இடம் என்றால் கர்னல், டிரைவர், ஃபர்ம்வேர், பூட் முறை என்று தேடிப் போகலாம், அதற்கெல்லாம் முன்னால் சொன்னது போல வழிகள் இருக்கின்றன. இடம் மாறிக்கொண்டே இருந்தால் மென்பொருள் பக்கமே போக வேண்டாம். பயாஸில் ரேம் வேகத்தைத் தரத்துக்கு இறக்கி, ஒரே ஒரு குச்சியை மதர்போர்டு கையேடு சொல்லும் துளையில் போட்டு ஆரம்பிக்கலாம். பெரும்பாலான போர்டுகளில் அது ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது துளை, பக்கத்தில் இருக்கும் முதல் துளை இல்லை. இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் மட்டும் பழுதான ரேம், அந்த இடத்தை யார் தொடுகிறார்களோ அவர்களை மட்டும் வீழ்த்தும், அப்போது மென்பொருள் கோளாறு போலவே தோன்றும். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவதில் இதை மிஞ்சிய கேள்வி எனக்குத் தெரியாது.

மிச்சம் இருந்தவை

3600-ல் நான்கு குச்சி என்பதைத் தம்பியால் ஜீரணிக்க முடியவில்லை. 6000 என்று எழுதியதை வாங்கிவிட்டு 3600-ல் ஓட்டுவதா என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினான். கடைசியில் பின்னால் வாங்கிய இரண்டு குச்சிகளைக் கழற்றிவிட்டு, முதல் இரண்டை மட்டும் 6000-ல் ஓட்டி, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் போட்டுப் பார்த்தான். எரர் இல்லை. அதுவும் ப்ராசஸர் சொல்லும் 5200-க்கு மேலேதான், ஆனால் சோதித்து எடுத்த முடிவு, அவன் இஷ்டம். கோளாறான நாட்களில் விண்டோஸ் பக்கம் சேமித்த கோப்புகளில் எது சேதமானது, எது நல்லது என்று சொல்ல வழியே இல்லை. அதனால் மூலம் வேறு இடத்தில் இருந்ததை எல்லாம் மறுபடி நகலெடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். கேம் இப்போது மூடிக்கொள்வதில்லையாம்.

லினக்ஸ் ஏறிய பிறகுதான் லினக்ஸின் உண்மையான குறை தலைகாட்டியது. வைஃபை வரவில்லை. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பார்த்தால் எந்த ஃபர்ம்வேர் கோப்பைத் தேடியது, அது இல்லை என்பதை ஒரே வரியில் சொல்லியிருந்தது. ரீஸ்டார்ட் செய்தாலும் அதே வரி, எழுத்து மாறாமல். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் வழியாக இணையத்தைக் கொடுத்து, புதிய கர்னலையும் ஃபர்ம்வேர் தொகுப்பையும் போட்டதும் வைஃபை தெரிந்தது. இது அந்தப் பாதி உண்மைக்குச் சேர வேண்டிய பிரச்சினை, தாராளமாகக் கொடுத்துவிடலாம். மெஷினைத் தூங்க வைத்து எழுப்பினால் சில சமயம் திரை வராமல் போவது மட்டும் இன்னும் தீரவில்லை. எப்போதாவது வருவதால் மறுபடி ரேமைச் சந்தேகப்பட்டோம், மெம்டெஸ்ட் சுத்தமாகவே இருக்கிறது. அந்த போர்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பயாஸ் அப்டேட்டின் குறிப்பில் தூக்கத்திலிருந்து எழுவது பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை இந்த வாரம் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.